ஆவரங்குழி எழும்பிய ஐப்பசி

ஆவரங்குழியின் மண் ரொட்டி மாவைப் போலப் பொங்கி எழும்பிய வருஷத்தில், உப்பளத்து வேலையெல்லாம் முடிந்து, அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பை ஓலை போட்டு மூடிவிட்டு, ஆண்கள் வேலையில்லாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்ததால், அதை முதலில் பார்த்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ள அந்தக் குடியிருப்பில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கட்டில் கால் ஒரு பக்கம் தூக்கியது என்பார் ஒருவர், அடைகாத்த கோழி முட்டையோடு உருண்டது என்பார் இன்னொருவர். உண்மையில் முதலில் கண்டது தங்கபுஷ்பம். அவள் வீட்டு அடுப்பங்கரையில்தான் அது தொடங்கியது; அதோடு, பொங்குகிற மாவை அன்றாடம் பார்த்துப் பழகிய கண் அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

மெயின் ரோட்டு பேக்கரியில் பன்னுக்கும் ரொட்டிக்கும் மாவு பிசைகிறவள் அவள். மிச்சம் விழுந்த பழைய மாவை ஆப்பத்துக்கு ஆகும் என்று ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். புரட்டாசிக் கடைசியில் பெய்த சின்ன மழைக்கே வழக்கம்போலச் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, டப்பாவைக் கவிழ்த்து, மாவை மண்தரையோடு கரைத்துவிட்டுப் போனது. அவள் தண்ணீரை வாரி ஊற்றிவிட்டு, மண்ணைத் தட்டிச் சமன் செய்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாள் தரை காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது, அம்மிக்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மண்ணுக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன, வீடு முழுக்கப் புது பன் வாசம் அடித்தது. காரணம் இவ்வளவுதான், இதற்கு மேல் கேட்க வேண்டுமானால் அந்த மண்ணிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

"கேட்டியளா, இங்க வந்து பாருங்க. தர பொங்குது" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

ஆத்திமுத்து வந்தான். உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தான். "காய்ச்சலா இருக்கும்" என்றான்.

"மண்ணுக்கு ஏது காய்ச்சல்? இது மாவுச் சூடு."

"அப்ப பொங்கட்டும்ட்டி. கீழ இருந்து நமக்கு வாரது ஒரு தடவையாவது சாக்கடையா இல்லாம இருக்கட்டும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆவரங்குழி பிறக்கும்போது குழியாகப் பிறக்கவில்லை. ஆவாரஞ்செடி மண்டிய மேடாக இருந்த காலத்தில் அதற்கு ஆவரங்காடு என்றுதான் பேர். பக்கத்தில் ரோடு போட்டார்கள். ரோடு பழசானதும் அதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே இன்னொரு ரோட்டைப் போட்டார்கள், அது பழசானதும் அதன் தலையில் இன்னொன்று, தேர்தலுக்கு ஒன்று, மந்திரி வந்தால் ஒன்று என்று போட்டுப் போட்டு, ரோடு ஏற ஏற ரோட்டோரத்து மாடி வீடுகளும் தளத்தை உயர்த்திக்கொண்டே போக, மண் சுமந்து கொட்ட வழியில்லாத இந்தச் சனத்தின் குடிசைகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று தாழ்ந்தன. கடைசியில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியே கூரை முகடு மட்டும்தான் தெரிந்தது. ரோட்டுக்காரர்கள் வாயில் ஆவரங்குழி ஆகி, பிறகு ரேஷன் கார்டிலும் ஆவரங்குழி ஆனது. ஐப்பசி பிறந்தால் ஊர்த் தண்ணீர் மொத்தமும் அங்கே வந்துதான் படுத்துக்கொள்ளும். கேட்கப் போனால், "பள்ளத்துல இருந்தா தண்ணி வரத்தான செய்யும்" என்பார்கள், பள்ளத்தை இவர்கள்தான் பெற்றுப் போட்டதுபோல.

தங்கபுஷ்பம் அந்த வருஷம் ஐப்பசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மகள் வடிவுக்கு ஐப்பசியில்தான் பேறுகாலம். தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில் பெறுவதுதான் முறை. ஆனால் வடிவின் மாமியார் கனகமணி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "மதினி, கோவிச்சுக்கிடாதிய. முழங்கால் தண்ணியில எம் பேரப்புள்ளய நான் அனுப்ப மாட்டேன். காஞ்ச தர இருந்தா வந்து கூப்புடுங்க." இதில் வேடிக்கை என்னவென்றால், கனகமணி பிறந்ததும் வளர்ந்ததும் அதே குழிக்குள்தான். ரோட்டோரம் ரெண்டு அறை கட்டிக் குடிபோன பிறகு அவளுக்குக் குழிக்கு வரும் வழியே மறந்துபோயிருந்தது. இருந்தாலும் அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதே என்பதுதான் தங்கபுஷ்பத்துக்கு இன்னும் வலித்தது. பெற்ற மகளைப் படுக்கப்போட ஒரு பாய் அகலத்துக்குக் காய்ந்த தரை இல்லாத தாய் என்ன தாய் என்று பேக்கரியில் மாவை அடித்து அடித்துப் பிசைவாள்.

அதனால்தான் தரை எழும்பியபோது அவள் பயப்படவில்லை. அடுப்புச் சாம்பலைச் சூடு ஆறுவதற்குள் அள்ளித் தரையில் பரப்பினாள், பழைய கஞ்சியை வெதுவெதுப்பாக்கி ஊற்றினாள், கொஞ்சம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள், ஈரத்துணியால் மூடினாள். தரை ஒரு சாண் ஏறியது. பிறகு சுவருக்கு அடியில் ஊர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போனது, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு, தெருவுக்கு, வேப்பமரத்தடிக்கு, அம்மன் பீடத்துக்கு என்று ஆவரங்குழி முழுவதும் புளித்துப் பொங்கி, குடிசைகளைக் கூரையும் சாமானுமாகச் சுமந்துகொண்டு, அவசரமே இல்லாமல் மேலே வரத் தொடங்கியது.

சனங்கள் அதைப் பழகிக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. முதல் ரெண்டு நாள் அதிசயப்பட்டார்கள், மூன்றாம் நாள் குறை சொல்லத் தொடங்கினார்கள். கதவு நிலையில் முட்டுகிறது என்று அடிப்பாகத்தை அறுத்தார்கள். தண்ணீர்க்குடம் நிற்கவில்லை என்று எல்லா வீட்டிலும் சும்மாடு கூட்டி அதன்மேல் வைத்தார்கள். தூளி மட்டும் யாரும் ஆட்டாமலே ஆடியதால் பிள்ளை பெற்றவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். மாவு வைத்த வீட்டில் கதவை அறையக்கூடாது என்று தங்கபுஷ்பம் ஒரு தடவை சொல்லப்போக, குடித்துவிட்டு வந்து கத்துகிறவன்கூட ரோட்டிலேயே நின்று கத்தி முடித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சந்தித்தவர்கள் "சாப்புட்டாச்சா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "ஒங்க வீட்டுல எம்புட்டு ஏறிருக்கு?" என்று கேட்டார்கள். வெயில் அடித்த மத்தியானங்களில் மண் பெருமூச்சு விடுவது காதால் கேட்டது, மேகம் மூடிய நாளில் அதுவும் சோம்பிக் கிடந்தது. கஞ்சி ஊற்றிய வீடு ஏறியது, மறந்த வீடு பின்தங்கியது, பின்தங்கிய வீட்டுக்காரியை மற்றவர்கள் கேலி செய்தே ஊற்ற வைத்தார்கள்.

அப்படியே ஏறி ஏறி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலும் தார் ரோடும் நேருக்கு நேராக நின்றன. பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியே அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் குளித்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டிப் போய்க் கனகமணியின் வாசலில் நின்றாள்.

"மதினி, தர காஞ்சு கெடக்கு. வந்து பாத்துட்டு எம் பிள்ளைய அனுப்புங்க."

கனகமணி வந்தாள். இவ்வளவு உயரத்துக்கு வந்த வீடு புது வீட்டுக்குச் சமம்தானே, சும்மா எப்படிச் சம்பந்தியை உட்கார வைப்பது என்று பால் காய்ச்ச ஏற்பாடு நடந்தது. புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது என்ன? உப்பு. உலகத்துக்கே அதுதான் முறை என்றால், உப்பை விளைவித்துச் சாப்பிடுகிற சனத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆத்திமுத்து அம்பாரத்து ஓலையை விலக்கி, அந்த வருஷத்துக் கல்லுப்பில் நல்ல வெள்ளையாகப் பார்த்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தான். தங்கபுஷ்பம் அதை மரக்காலில் கோபுரமாக அளந்து நடுவீட்டில் வைத்தாள். அதோடு நின்றாளா? எங்களை உயர்த்திய தாயே என்று கண் கலங்க, நாலு மூலைக்கும் கை நிறைய அள்ளித் தூவினாள். அவளைப் பார்த்து ஆவரங்குழியில் அத்தனை வீட்டிலும் தூவினார்கள். பேக்கரியில் ஈஸ்ட்டும் உப்பும் ஒரே கிண்ணத்தில் விழுந்துவிட்டால், உப்பு பட்டு ஈஸ்ட் செத்துவிடும், மாவு எழும்பாது என்று புதுப் பெண்களைத் திட்டித் தீர்க்கிறவள் அவள். ஆனால் அது வேலை, இது மங்கல காரியம். ரெண்டையும் சேர்த்து யோசிக்க அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

பால் பொங்கும்போதே தரை தணிந்தது. முதலில் குமிழி அடங்கியது, பிறகு சூடு போனது, பிறகு மண் தோலைச் சுருக்கிக்கொண்டு, முதுகில் அடிபட்ட மாடு படுப்பதுபோல மெல்லப் படுத்துவிட்டது. கனகமணி உட்கார்ந்திருந்த நாற்காலி அவளோடு சேர்ந்து இரண்டு முழம் கீழே போனது.

"இந்தக் கூத்துக்குள்ளயா எம் மருமவள அனுப்பணும்?" என்று எழுந்தாள் அவள். "உப்பு பட்டதுக்கே உள்ள போற வீட்ட நம்பிப் புள்ளத்தாச்சிய அனுப்ப எனக்கென்ன கிறுக்கா?" என்று சொல்லிக்கொண்டே மேடேறிப் போனாள். போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ரோட்டோரம் நெடுக, உப்புப் போட்டதும் குழி உள்ளே போன கதையை ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனாள்.

தங்கபுஷ்பம் ஒரு பொழுது அழுதாள். பிறகு தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "யாரும் மொகத்தத் தொங்கப் போடாதிய. சாவல, மயங்கிக் கெடக்கு. கழுவி விட்டா முழிச்சுக்கிடும்" என்றாள். உப்பைக் கூட்டி வாரினார்கள். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, குடம் குடமாக ஊற்றிக் கழுவினார்கள். உப்பை மண்ணிலிருந்து எடுப்பது எப்படி என்பது அவர்களுக்குத் தெரியாததா? கழுவிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி உப்பளத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு கருப்பட்டிப் பாகு. மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் ஒரு குமிழி வந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு ஊரே குலவை போட்டது.

அடி வாங்கி எழும்பியவனுக்கு ஆத்திரம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். டீக்கடை சேர்மக்கனிக்கு ரோட்டுக்குச் சமமாக நிற்பது போதவில்லை. "கோயில் கோபுரத்துக்கு மேல நிக்கணும்ல. அந்தா அவனுவ மொட்டமாடியில காயப்போட்ட வத்தல நாம எட்டிப் பாக்கணும்" என்று உடன்குடியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கருப்பட்டி வரவழைத்து, அண்டாவில் காய்ச்சி, இறுக மூடிய மண்ணுக்குள் குழல் வைத்து ஊற்றினான். மண் வெறிபிடித்ததுபோல எழும்பியது. வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அடுத்த நாள் பன் வாசம் போய்க் கள்ளு வாசம் வந்தது. கோழிகள் தள்ளாடின, ஒரு ஆடு கோயில் மணியை முட்டி முட்டிப் பாட்டுப் பாடியது, சில ஆண்கள் பப்பாளித் தண்டை மண்ணில் செருகி உறிஞ்சிக்கொண்டு சொர்க்கம் இங்கேதான் இருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த நாள் நடுத்தெரு தொளதொளவென்று அமுங்கி, எட்டிப் பார்க்க நினைத்த சேர்மக்கனியின் கடையே இடுப்பளவு உள்ளே போனது.

தங்கபுஷ்பம் அவனைக் காதைப் பிடித்துத் தூக்காத குறை. "ஏலே, திங்கக் குடுத்தா மட்டும் போதுமா? அது மூச்சு விடாண்டாமா? தான் கக்குனதுலயே தான் முங்கிச் சாவுது பாரு. பொங்குன மாவக் கிள்ளிப் பிரிச்சு, புது மாவு சேத்து, எடம் குடுக்கணும்லே." உப்பு வாருகிற பலகைகளின் காம்பால் ஆண்கள் மண்ணில் ஓட்டை போட்டார்கள், கள்ளு வாசம் ஆவியாக வெளியேறியது. சும்மா கிடந்த கைகளுக்கு வேலை வந்தது. குளத்துப் புதுமண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து, பொங்கிய மண்ணோடு கொத்திப் பிசைந்தார்கள். உயரத்தை மட்டுமே பார்க்காமல் அகலத்தையும் பார்த்து, தெற்கே இருந்த மீன்காரர் குடிசைகளுக்கும் நாலு கூடை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதன் பிறகு மண் நிதானமானது. ஏறுவதும் இளைப்பாறுவதுமாக, ரோட்டைவிட ரெண்டு முழம் உயர்ந்து, அங்கே நின்று மூச்சு விட்டது.

அப்போதுதான் ஐப்பசியின் முதல் பெருமழை பெய்தது. வழக்கமாக வருகிற தண்ணீர் வழக்கமாகப் போகிற வழியில் வந்து பார்த்தது, ஆவரங்குழி மேடாக இருந்தது, திரும்பிப் போய் ரோட்டிலேயே உட்கார்ந்தது. ரோட்டோரத்து மாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் செருப்புகள் மிதந்தன. தங்கள் வீட்டுக்குள் சாக்கடை வரும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினார்கள். ஓவர்சியர் நடேசலிங்கம் குடை பிடித்துக்கொண்டு வந்து, மேட்டுக்கு முன்னால் நின்று, மேலே நின்றவர்களை அண்ணாந்து பார்த்தார்.

"யாரக் கேட்டு இவ்வளவு ஒசரம் போனீங்க?"

ஆத்திமுத்து, "நாங்க எங்க சார் போனோம்? மண்ணு போச்சு, நாங்க மேல இருந்தோம்" என்றான்.

"இந்தாப்பா, தண்ணிக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. காலங்காலமா அது இங்கதான் வந்துட்டிருக்கு. நீங்க பாட்டுக்கு வந்து நடுவுல எழும்பி நின்னா அது எங்க போகும்?"

"கடலுக்குப் போகச் சொல்லுங்க. பக்கத்துலதான இருக்கு" என்றாள் தங்கபுஷ்பம். "ஓட வெட்டி விடுங்கன்னு எத்தன தடவ வந்து கேட்டோம்?"

ஓவர்சியருக்கு ஓடை வெட்டுவதைவிடச் சுலபமான வழி ஒன்று தெரிந்திருந்தது. கனகமணி வீடு வீடாகச் சொன்ன கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. நாளைக்குக் காலையில் லாரியில் உப்பு வரும், கொட்டிச் சமன் செய்யப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்பாரத்திலிருந்து உப்பை அள்ளி ஏற்ற ஆவரங்குழி ஆட்களைக் கூப்பிட்டார்கள். உப்பளத்து வரலாற்றில் முதல் தடவையாக ஒரு கைகூட ஓலையை விலக்க மாட்டேன் என்றது. சரி, உங்களை விட்டால் ஆளில்லையா என்று, மண் அள்ளும் இயந்திரத்தை வைத்து உப்பை அள்ளினார்கள்.

காலையில் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. வாடைக்காற்று கடலிலிருந்து ஊசி ஊசியாக வீசியது. அந்தக் குளிரில் மண் ஒடுங்கிப்போய், ஒரு குமிழிகூட விடாமல் கிடந்தது. ஆத்திமுத்து தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். அடுப்பு மூட்ட விறகெல்லாம் நனைந்திருந்தது, சாம்பலும் சேறாகியிருந்தது. தூரத்தில் லாரிகள் ரோட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

தங்கபுஷ்பத்துக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. அழுகையோடு கலக்காத சுத்தமான கோபம். பேக்கரியில் அடைமழை நாளில் மாவு எழும்பாவிட்டால், பாத்திரத்தைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்காருவாள். மனுஷ உடம்புக்கு மேல் பதமான சூடு எந்த அடுப்புக்கும் கிடையாது. அவள் வீட்டிலிருந்த போர்வையை எடுத்துக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தாள், குப்புறப் படுத்தாள், போர்வையை இழுத்துத் தன்மேல் மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றான் ஆத்திமுத்து.

"பேசிக்கிட்டு நிக்காதிய. வந்து படுங்க."

அவன் படுத்தான். சேர்மக்கனி கடையை மூடிவிட்டு வந்து படுத்தான். பிள்ளைகளை நெஞ்சுக்கு அடியில் அணைத்துக்கொண்டு பெண்கள் படுத்தார்கள், உப்பில் வெந்த பாதங்களை மடக்கிக்கொண்டு கிழவர்கள் படுத்தார்கள், தெற்கேயிருந்து மீன்காரர்கள் ஓடிவந்து விட்ட இடத்திலெல்லாம் படுத்தார்கள், நாய்கள்கூடப் பக்கத்தில் வந்து சுருண்டுகொண்டன. சேலை, சாக்கு, தார்ப்பாய், கட்சிக்கொடி, கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்து மூடிக்கொண்டு ஆவரங்குழி மொத்தமும் தன் மண்மேல் அடைகாக்கப் படுத்தது. காய்ச்சலில் கிடந்த ஒருத்தியை, உன்னைப்போல ஒரு ஆள்தான் வேண்டும் என்று நடுவில் கிடத்தினார்கள்.

முதல் லாரி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மனுசங்க மேல எப்படி சார் கொட்டுறது?" என்றான். ஓவர்சியர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று ஒலிபெருக்கியில் கத்தினார். ஒருவரும் தலை தூக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் போலீஸ் வரும் என்றார். வரட்டும், அவர்கள் உடம்பும் சூடுதானே என்று ஒரு குரல் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

அந்த நேரத்தில்தான் ரோட்டுத் தண்ணீருக்குள் இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வடிவு, நிறைமாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. பின்னால் இடுப்புவரை நனைந்த சேலையோடு கனகமணி, "ஏட்டி வடிவு, நில்லுட்டி, வழுக்கிறப் போவுது" என்று கத்திக்கொண்டே.

"ஒங்க வீட்டுலதான கட்டில் வர தண்ணி நிக்கி" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள் வடிவு. "வலி வந்துட்டு அத்த. நான் எங்கம்ம வீட்டுக்குப் போறேன்."

லாரிக்கும் மேட்டுக்கும் நடுவில் புகுந்து ஏறி வந்து, தாயின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். தங்கபுஷ்பம் போர்வையை விரித்து அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். கனகமணி மேட்டுக்குக் கீழே நின்று கையை நீட்டினாள். "மதினி, ஒரு கை குடுங்க."

தங்கபுஷ்பம் கையைக் கொடுத்துத் தூக்கினாள். "பேசாம படுங்க மதினி. ஒங்க சூடும் வேணும்." கனகமணி ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு, பிறந்த மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்தாள்.

முதலில் ஒரு குமிழி உடைந்தது. தங்கபுஷ்பத்தின் காதுக்கு நேர் கீழே. பிறகு அங்கே ஒன்று, இங்கே ஒன்று. பிறகு எண்ணவே முடியாமல், அடுப்பில் வைத்த உலை மாதிரி மண் முழுக்க முணுமுணுத்தது. வயிற்றுக்குக் கீழே தரை மெத்தென்று உப்பி வருவதை எல்லாரும் உணர்ந்தார்கள். யாரும் எழவில்லை, இன்னும் அழுத்திப் படுத்தார்கள். வாடைக்காற்று அவர்கள் முதுகில் அடித்ததே தவிர மண்ணைத் தொட முடியவில்லை. ஆவரங்குழி தன் சனத்தின் சூட்டைக் குடித்துக் குடித்து, வேப்பமரத்தையும் அம்மன் பீடத்தையும் குடிசைகளையும் படுத்திருந்த அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு ஏறியது. லாரியின் டயருக்குச் சமமாக ஏறியது, கதவுக்குச் சமமாக ஏறியது, கொட்டுவதற்காகத் தூக்கிய லாரித் தொட்டியையும் தாண்டி ஏறியது. இனி அந்த உப்பைக் கொட்டினாலும் ரோட்டில்தான் கொட்ட வேண்டும்.

தங்கபுஷ்பம் எழுந்து உட்கார்ந்தாள். வடிவைச் சுற்றிப் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு இல்லை, அது தண்ணீருக்கு அடியில் இருந்தது. நல்லவேளையாகக் குடியிருப்பிலேயே இருந்த நர்ஸம்மா பையைத் திறந்துகொண்டு மறைப்புக்குள் போனாள்.

கீழே நின்ற ஓவர்சியர் ஒலிபெருக்கியைக் கீழிறக்கினார். அவர் குரல் இப்போது மாறியிருந்தது. "ஏம்மா, எல்லாரும் இறங்கி வாங்கம்மா. ஓடை வெட்டுறதப் பத்திப் பேசுவோம். இறங்கி வந்து பேசினாத்தான ஒரு முடிவுக்கு வர முடியும்?"

தங்கபுஷ்பம் மேட்டின் விளிம்புக்கு வந்து நின்றாள். உடம்பெல்லாம் மண். மண்ணில் புது பன் வாசம்.

"இம்புட்டு நாளும் கீழ நின்னுதான் சார் பேசுனோம். ஒங்க ஆபீஸ் வாசல்ல நின்னு பேசுனோம், ஓட்டுக் கேட்டு வந்தவனுவ காருக்குக் கீழ நின்னு பேசுனோம், கழுத்தளவு தண்ணிக்குள்ள புள்ளைகளத் தலையில வச்சுக்கிட்டு நின்னு பேசுனோம். ஒருத்தர் காதுலயும் ஏறல. இன்னைக்கு எம்மவ இங்கன புள்ள பெறுதா. ஒருத்தரும் எறங்க மாட்டோம். பேசணும்னா ஏறி வாங்க."

ஓவர்சியர் சரிவைப் பார்த்தார். கால் வைக்க ஒரு கல் இல்லை, படி இல்லை, எல்லாம் புதுசாகப் பொங்கிய மண். ஒரு காலை வைத்துப் பார்த்தார், செருப்போடு கணுக்கால்வரை புதைந்தது.

மறைப்புக்குள்ளிருந்து பிள்ளை வீறிட்டு அழுதது. ஆவரங்குழி முழுக்கக் குலவைச் சத்தம் எழும்பியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஓவர்சியர் குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்.